பேரைப் பார்க்காதீங்க, போன் பண்ணுங்க! ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளரிடம் கட்டுரை வாங்குவது எப்படி?

ஒரு ஆன்லைன் கேமுக்குள்ளேயே கல்யாணம் பண்ணிக்கொள்ளும் ஜோடிகள் பற்றி ஒரு கட்டுரை. படிக்கவே ஜாலியான சப்ஜெக்ட். 2025 மே மாதம் அமெரிக்காவின் 'வயர்டு' இதழ் அதை வெளியிட்டது. எழுதியவர் பெயர் மார்கோ பிளான்ஷார்ட், ஃப்ரீலான்ஸர். சில வாரங்களிலேயே வயர்டு அந்தக் கட்டுரையைத் தூக்கிவிட்டது. கட்டுரையில் வந்த ஆட்களைத் தேடினால் கிடைக்கவில்லை. எழுதியவரையும் காணோம். மொத்தமும் ஏ.ஐ. எழுதிய கதை என்ற முடிவுக்கு வந்தது அந்த இதழ்.

ஆகஸ்ட் மாதம் பிரிட்டனின் 'பிரஸ் கெஸட்' இதைத் தோண்டி எடுத்தபோது, அதே பெயரில் எழுதப்பட்ட கட்டுரைகளை 'பிசினஸ் இன்சைடர்' உட்படக் குறைந்தது ஆறு ஊடகங்கள் நீக்கியிருந்தன. மாட்டியது எப்படித் தெரியுமா? 'டிஸ்பாட்ச்' என்ற புதிய இதழின் ஆசிரியருக்கு அதே ஆளிடமிருந்து ஒரு ஐடியா வந்தது. கொலராடோ மாநிலத்தில் 'கிரேவ்மான்ட்' என்று கைவிடப்பட்ட ஒரு சுரங்க ஊர், அங்கே மரண விசாரணைக்கு ரகசியப் பயிற்சி நடக்கிறது என்று. ஆசிரியர் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு ஊரே இல்லை.

'அது அமெரிக்கா, நமக்கென்ன?' என்று ஸ்க்ரோல் பண்ணிவிடாதீங்க. இன்றைக்குக் கட்டுரை எழுத ஆள் தேடுவது பத்திரிகை ஆபீஸ் மட்டும் இல்லை. இன்ஸ்டாவில் ஊர் பற்றிப் பேஜ் நடத்துபவர், யூடியூப் சேனலுக்கு ஸ்கிரிப்ட் தேடுபவர், நியூஸ்லெட்டர் ஆரம்பித்தவர், காலேஜ் ஆண்டு மலர் போடுபவர், தொண்டு நிறுவனத்தில் கம்யூனிகேஷன்ஸ் பார்ப்பவர் என எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் 'நல்லா எழுதுற ஒருத்தர் வேணும்' என்று தோன்றும். நீங்கள் அந்தப் பக்கம் இல்லை என்றால் இந்தப் பக்கம், அதாவது எழுத வாய்ப்புத் தேடும் பக்கம் இருக்கலாம். இரண்டு பேருக்கும் இந்த விஷயம் முக்கியம்.

தப்பு எங்கே நடந்தது?

வயர்டு ஒரு நல்ல காரியம் செய்தது. நாங்கள் எப்படி ஏமாந்தோம் என்று தானே எழுதி வெளியிட்டது. அதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கணும்.

ஒன்று, சந்தேகம் வந்ததே பணம் தரும் நேரத்தில்தான். வழக்கமான பேமென்ட் முறைக்குத் தேவையான விவரங்களைத் தராமல், பேபால் அல்லது காசோலையில் கொடுங்கள் என்று அந்த 'எழுத்தாளர்' அடம்பிடித்திருக்கிறார். அதற்குப் பிறகு கட்டுரையை இரண்டு ஏ.ஐ. கண்டுபிடிக்கும் கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். இரண்டுமே 'மனிதர் எழுதியதாகத்தான் தெரிகிறது' என்று சொல்லிவிட்டன!

இரண்டு, அந்தக் கட்டுரை முறையான தகவல் சரிபார்ப்புக்குப் போகவில்லை. மூத்த ஆசிரியர் ஒருவரின் இரண்டாவது பார்வைக்கும் போகவில்லை.

அதே 2025 மே மாதத்தில் இன்னொரு கூத்து. 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழோடு வந்த ஓர் இணைப்பில் கோடை விடுமுறையில் படிக்க 15 புத்தகங்கள் என்று பட்டியல். அதில் 10 புத்தகங்கள் உலகத்திலேயே கிடையாது. இசபெல் அயெந்தே, ஆண்டி வெயர் போன்ற நிஜ எழுத்தாளர்களின் பெயரில், அவர்கள் எழுதவே எழுதாத நாவல்கள். வெளியிலிருந்து இணைப்புகளைத் தயாரித்துத் தரும் ஒரு நிறுவனத்துக்காக ஃப்ரீலான்ஸர் ஒருவர் ஏ.ஐ. உதவியோடு போட்ட பட்டியல் அது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்த நாளிதழில் ஐந்தில் ஒரு பங்கு ஊழியர்கள் விருப்ப ஓய்வில் வெளியேறியிருந்தார்கள். இணைப்பை அச்சுக்கு முன் அந்த நாளிதழில் யாரும் ஒருமுறை கூகுள் செய்துகூடப் பார்க்கவில்லை.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஃப்ரீலான்ஸரை எடுத்ததால் வந்த வினை இல்லை இது. ஒரு போன் கால், ஒரு சரிபார்ப்பு, இரண்டாவது ஒருவரின் கண். காசும் நேரமும் பிடிக்கிற இந்த மூன்றையும் மிச்சம் பிடித்ததால் வந்த வினை.

'அப்போ சம்பளத்துக்கு ஆள் வெச்சா போதுமா?'

போதாது. அதற்கும் ஒரு கதை இருக்கு. ஜெர்மனியின் 'டெர் ஷ்பீகல்' இதழில் தகவல் சரிபார்ப்புக்கென்றே பெரிய துறை உண்டு. உலகப் புகழ் பெற்றது. அங்கே ஸ்டாஃப் நிருபராக இருந்தவர் கிளாஸ் ரெலோட்டியஸ். விருது மேல் விருது வாங்கியவர். 2018 டிசம்பரில், அவர் ஆண்டுக்கணக்கில் ஆட்களையும் மேற்கோள்களையும் இட்டுக்கட்டி எழுதியது வெளியே வந்தது.

கண்டுபிடித்தவர் யார்? ஹுவான் மொரேனோ. ஷ்பீகலின் நிரந்தர ஊழியர் இல்லை, ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டிருந்தவர். அமெரிக்க-மெக்சிகோ எல்லை பற்றிய ஒரு கட்டுரையில் ரெலோட்டியஸோடு சேர்ந்து வேலை செய்தபோது அவருக்குச் சந்தேகம் வந்தது. மேலிடம் முதலில் நம்பவில்லை. தன் சொந்தக் காசில் அமெரிக்காவுக்குப் போய், கட்டுரையில் வந்த ஆட்களையே நேரில் சந்தித்து ஆதாரத்தோடு திரும்பினார்.

அதாவது பொய் சொன்னவர் ஸ்டாஃப், உண்மையைக் கொண்டுவந்தவர் ஒப்பந்தக்காரர். ஆகவே 'ஃப்ரீலான்ஸர்னாலே ரிஸ்க்' என்ற முடிவுக்கு வருவது சோம்பேறித்தனம். ஐ.டி. கார்டு உண்மைக்கு உத்தரவாதம் கிடையாது.

ஆனால் இப்போது நடந்துகொண்டிருப்பது அந்தச் சோம்பேறித்தனம்தான். கனடாவின் டொராண்டோவில் 'தி லோக்கல்' என்ற சிறிய இதழின் ஆசிரியர், 2025-ல் கட்டுரை ஐடியாக்கள் அனுப்பச் சொல்லி அறிவிப்புக் கொடுத்தார். வந்ததில் ஒன்று பிரமாதமாக இருந்தது. சந்தேகப்பட்டு, அந்த எழுத்தாளர் பெரிய இதழ்களில் எழுதிய பழைய கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டவர்களைத் தொடர்புகொண்டார். 'நாங்கள் அவரிடம் பேசவே இல்லையே' என்று பதில் வந்தது. அதன் பிறகு சில பெரிய ஊடகங்கள் அவருடைய கட்டுரைகளை நீக்கின.

இப்படி நாலு முறை சூடு பட்ட ஓர் ஆசிரியர் அடுத்து என்ன செய்வார்? தெரிந்தவர்களிடம் மட்டும் கட்டுரை வாங்குவார். அடி விழுவது ஏமாற்றியவருக்கு இல்லை. அவருக்கு இன்னொரு பெயர், இன்னொரு ஈமெயில் கிடைத்துவிடும். அடி விழுவது பரமக்குடியிலோ பண்ருட்டியிலோ உட்கார்ந்து, யாருடைய சிபாரிசும் இல்லாமல், தன் ஊர்க் கதை ஒன்றை ஈமெயிலில் அனுப்பும் புதியவருக்கு. அவருடைய மெயில் திறக்கப்படாமலே போகும். அந்த ஊர்க் கதையும் அதோடு போச்சு.

அதனால்தான் ஒரு ஃப்ரீலான்ஸரை ஒழுங்காக எடுக்கத் தெரிவது முக்கியமான திறமையாகியிருக்கு. கதவைச் சாத்தாமல், யார் வருகிறார்கள் என்று பார்த்துத் திறக்கும் திறமை.

முதலில் கணக்கு: ஒரு ஃபீச்சருக்கு எத்தனை நாள்?

'ஆயிரத்து இருநூறு வார்த்தை, எவ்வளவு கேப்பீங்க?' பெரும்பாலான பேரம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குது. பிரச்னையும் இங்கேதான் தொடங்குது.

ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். மதுரையில் இருக்கும் ஒருவரிடம், சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுபவர்களின் வாழ்க்கை பற்றிக் கட்டுரை கேட்கிறீர்கள். பின்னணி படித்து, பேச வேண்டியவர்களின் நம்பரைத் தேடிப் பிடிக்க ஒரு நாள். நேரில் போய்வர இரண்டு நாள். முதல் நாள் போனால் யாரும் மனசு திறந்து பேச மாட்டார்கள், இரண்டாம் நாள்தான் டீ வரும், பேச்சும் வரும். ரெக்கார்டிங்கைக் கேட்டு எழுத ஒன்றரை நாள். நீங்கள் கேட்கும் திருத்தங்களுக்கு அரை நாள். மொத்தம் ஐந்து நாள்.

வார்த்தைக்கு 1 ரூபாய் என்று பேசினால் 1,200 ரூபாய். பஸ், சாப்பாடு, போன் என்று 500 ரூபாய் போனால் மிச்சம் 700. ஐந்து நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 140 ரூபாய்.

இப்போது இன்னொருவரை நினைத்துப் பாருங்க. அவர் சின்னாளபட்டிக்குப் போகவே இல்லை. ஏ.ஐ.யிடம் கேட்டு, 'முத்தம்மாள்' என்று ஒரு பாட்டியை உருவாக்கி, அவர் வாயில் நாலு கண்ணீர் வசனம் வைத்து, ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறார். அவருக்கும் அதே 1,200 ரூபாய். செலவு பூஜ்யம். அப்படிப் பார்த்தால் வார்த்தைக்கு மட்டும் காசு, பயணத்துக்குக் கிடையாது என்ற முறை யாருக்குப் பரிசு கொடுக்கிறது? போகாதவருக்கு. ஏமாற்றுக்காரரைக் கண்டுபிடிக்க எத்தனை கருவி வைத்தாலும், அவருக்கு லாபம் வரும்படி ரேட் போட்டு வைத்தால் அவர்தான் வருவார்.

ஆகவே நீங்கள் ஆள் எடுப்பவர் என்றால், கேள்வியை மாற்றுங்க. 'எத்தனை வார்த்தை?' என்பதற்குப் பதிலாக 'எத்தனை பேரைப் பார்க்கணும், எத்தனை நாள் ஆகும், போக்குவரத்துக்கு எவ்வளவு?' என்று கேளுங்க. பயணச் செலவைத் தனியாகக் கொடுங்க. பட்ஜெட் குறைவா? குற்றமில்லை. அப்போ போன் பேட்டி ஒன்றோடு முடியும் சின்னக் கட்டுரையாகக் கேளுங்க. பிரியாணிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத் தயிர்சாதத்துக்குக் காசு தராதீங்க.

சேர்ப்பதற்கு முன் ஐந்து வேலை

1. ஐடியாவை எழுதி வாங்குங்க. 'சுற்றுச்சூழல் பற்றி எழுதறேன்' என்பது ஐடியா இல்லை, அது சப்ஜெக்ட். எந்த ஊர், யார், என்ன மாறியிருக்கு, ஏன் இப்போது, யாரிடம் பேசப் போகிறீர்கள் என்ற ஐந்துக்கும் அரைப் பக்கத்தில் பதில் இருக்கணும். ரொம்ப அழகான ஆங்கிலமோ தமிழோ தேவையில்லை. சொல்லப்போனால் வழுவழு என்று, எந்தப் பிசிறும் இல்லாத ஐடியாவை இப்போது கொஞ்சம் கூடுதலாகச் சோதிப்பது நல்லது.

2. பத்து நிமிஷம் பேசுங்க. மெயில், சாட் மட்டும் போதாது. போனிலோ வீடியோவிலோ பேசுங்க. அவருடைய பழைய கட்டுரை ஒன்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: 'அதுல எழுதாம விட்டது என்ன?' நிஜமாகப் போய் வந்தவருக்கு விட்டது பத்து இருக்கும். அந்த வீட்டு நாய் துரத்தியது, பேட்டி கொடுத்தவர் பாதியில் அழுதது, ஆபீஸில் மூணு மணி நேரம் உட்கார வைத்தது என்று கொட்டுவார். போகாதவரிடம் கட்டுரையில் இருப்பது மட்டும்தான் இருக்கும்.

3. மேற்கோள் காட்டப்பட்ட ஒருவரையாவது தொடர்புகொள்ளுங்க. டொராண்டோ ஆசிரியர் செய்தது இதுதான். பேராசிரியர், டாக்டர், அதிகாரி என்று பொதுவில் தொடர்பு விவரம் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, 'இவரிடம் பேசினீர்களா?' என்று ஒரு மெயில். அவ்வளவுதான்.

4. கட்டுரையோடு பட்டியல் வாங்குங்க. யாரிடம் பேசினார், என்றைக்கு, எந்த நம்பரில், ரெக்கார்டிங் இருக்கா, போட்டோ இருக்கா. இதை முதலிலேயே சொல்லிவிடுங்க. கடைசியில் கேட்டால் 'என்னை நம்பலையா?' என்று மனக்கசப்பு வரும். எல்லோரிடமும் கேட்பது வழக்கம் என்று தெரிந்துவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெயர் வெளியிட விரும்பாத ஆட்களின் விவரம் உங்களோடு நிற்கணும், வேறு யாருக்கும் போகக் கூடாது. அது உங்கள் பொறுப்பு.

5. கருவியை நீதிபதியாக்காதீங்க. வயர்டு கதையில் கருவிகள் பொய்க் கட்டுரையைப் பாஸ் பண்ணின. அதே கருவி ஒரு நேர்மையான எழுத்தாளரைத் தப்பாகப் பிடிக்கவும் செய்யும். 'எண்பது சதவீதம் ஏ.ஐ.' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஒருவரின் வாய்ப்பைப் பறிக்காதீங்க. ஆட்களையும் இடத்தையும் சரிபாருங்க, அதுதான் நிஜமான சோதனை.

இங்கே ஒரு தமிழ்நாட்டுக் குறிப்பு. புனைபெயரைப் பார்த்து மிரளாதீங்க. நம் பத்திரிகை உலகமே புனைபெயர்களால் ஆனது. ரங்கராஜன் என்ற இன்ஜினீயர் தன் மனைவி பெயரில் எழுதித்தான் 'சுஜாதா' ஆனார். ஊரில், வீட்டில் பிரச்னை வரும் என்று இன்றும் வேறு பெயரில் எழுதும் பெண்கள் இருக்கிறார்கள். வாசகரிடம் பெயரை மறைக்கலாம். காசு போடும் ஆசிரியரிடம் மறைக்கக் கூடாது. வங்கிக் கணக்கும் பான் கார்டும் நிஜப் பெயரில் இருந்தால் போதும்.

சன்மானமா, ஊதியமா?

தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதுபவருக்குக் கொடுக்கும் காசுக்கு 'சன்மானம்' என்று பெயர். மணியார்டரில் வந்த காலத்திலிருந்து அதே பெயர்தான். அழகான சொல். ஆனால் அதற்குள் ஒரு தொல்லை இருக்கு. சன்மானம் என்றால் மரியாதைக்குத் தருவது. தந்தால் சந்தோஷம், தாமதமானால் கேட்கக் கூச்சம். ஊதியம் என்றால் செய்த வேலைக்கு வரவேண்டியது. கேட்பதில் கூச்சம் எதற்கு?

'அடுத்த மாசம் அக்கவுன்ட்ஸ்ல சொல்லிடறேன்' என்ற வாக்கியத்தைக் கேட்காத ஃப்ரீலான்ஸர் இருக்க முடியாது. நியூயார்க் நகரத்தில் இதற்கென்றே 2017-ல் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 800 டாலரோ அதற்கு மேலோ வேலை என்றால் எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் பணம். 2024 ஆகஸ்ட் முதல் நியூயார்க் மாநிலம் முழுக்க அதே மாதிரிச் சட்டம்.

நம்ம ஊரில்? 1955-ம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தில் ஃபீச்சர் எழுதுபவரின் பெயரும் உண்டு. ஆனால் அது பணியில் அமர்த்தப்பட்டவருக்கு. 2025 நவம்பர் 21-ல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது அந்தப் பழைய சட்டம் அவற்றுக்குள் கரைந்தது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் 'கிக் தொழிலாளி'க்கு விளக்கம் இருக்கு: வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிப்பவர். ஃப்ரீலான்ஸருக்குச் சரியாகப் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். நிதி தர வேண்டிய நிறுவனங்களின் பட்டியலில் 'உள்ளடக்கம் மற்றும் ஊடகச் சேவைகள்' என்ற வகையும் இருக்கு. ஆனால் அந்தப் பட்டியல், வாங்குபவரையும் விற்பவரையும் இணைக்கும் டிஜிட்டல் தளங்களுக்கானது. ஓர் இதழுக்கு நேரடியாக எழுதும் ஒருவருக்கு அது தானாக வந்து சேரும் என்று சொல்லிவிட முடியாது.

கையில் இருக்கும் ஓர் ஆயுதத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம். சேவை தருபவரும் 'உத்யம்' தளத்தில் குறு நிறுவனமாக இலவசமாகப் பதிவு செய்யலாம், தனி ஆளாக இருந்தாலும். பதிவு இருந்தால், வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரணும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகார் செய்யத் தனித் தளமும் உண்டு. ஒரு கட்டுரைக்காக யாரும் வழக்குக்குப் போகப் போவதில்லை, உண்மைதான். ஆனால் இன்வாய்ஸின் அடியில் உத்யம் எண் இருப்பதே 'எனக்குச் சட்டம் தெரியும்' என்று சொல்லாமல் சொல்லும்.

வாட்ஸ்அப்பில் முடியும் ஒப்பந்தம்

பத்துப் பக்க அக்ரிமென்ட் தேவையில்லை. மெயிலில் அரைப் பக்கம் போதும். ஆள் எடுப்பவரும் எழுதுபவரும் கீழே உள்ளவற்றைப் பேசி, எழுதி, 'ஓகே' வாங்கிக்கொள்ளுங்க.

- தலைப்பு, ஏறக்குறைய எத்தனை வார்த்தை, என்றைக்குத் தரணும்.
- தொகை எவ்வளவு, பயணச் செலவு யாருடையது, பிடித்தம் போகக் கையில் வருவது எவ்வளவு.
- பணம் வரும் தேதி. 'வெளியானதும்' என்று எழுதாதீங்க. வெளியாவது எழுதியவர் கையில் இல்லை. 'கட்டுரை ஏற்கப்பட்ட 30 நாளுக்குள்' என்று எழுதுங்க.
- கட்டுரையைக் கேட்டு வாங்கிவிட்டுப் போடாமல் விட்டால் எவ்வளவு? இதற்கு 'கில் ஃபீ' என்று பெயர். பேசிய தொகையில் ஒரு பங்கு. இதை முன்கூட்டியே முடிவு பண்ணிவிட்டால் பின்னால் சண்டை இல்லை.
- எத்தனை முறை திருத்தம் கேட்கலாம். இரண்டு முறை என்பது நியாயம்.
- ஏ.ஐ. எதற்கெல்லாம் பயன்படுத்தலாம். ரெக்கார்டிங்கை எழுத்தாக்கலாமா, மொழிபெயர்க்கலாமா, எழுதவே விடலாமா? 'ஏ.ஐ. கூடாது' என்று ஒற்றை வரியில் முடிக்காமல் எது சரி, எது கூடாது என்று எழுதுங்க. என்ன செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்யணும் என்பது அடிப்படை.
- எழுதியவர் பெயர் கண்டிப்பாக வருமா.
- வக்கீல் நோட்டீஸ் வந்தால் யார் பார்த்துக்கொள்வது.

கடைசி விஷயம் சாதாரணமாகத் தெரியும். அவதூறு இந்தியாவில் இன்னும் கிரிமினல் குற்றம்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமுண்டு. நிறுவனத்துக்கு வக்கீல் இருப்பார். ஃப்ரீலான்ஸருக்கு யார் இருக்கிறார்?

இதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கு. சத்தீஸ்கரின் பஸ்தரில் சுதந்திரப் பத்திரிகையாளராக இருந்த முகேஷ் சந்திராகரின் உடல், 2025 ஜனவரி 3-ல் பிஜப்பூரில் ஒரு செப்டிக் டேங்கில் கண்டெடுக்கப்பட்டது. சாலை போடும் பணியில் நடந்த முறைகேடு பற்றிய செய்திக்குப் பின்னால் இருந்தவர் அவர். கைதானவர்களில் ஒப்பந்ததாரரும் ஒருவர். நீங்கள் கேட்பது உணவு, ஊர், ஃபேஷன் பற்றிய கட்டுரையாகவே இருக்கலாம். ஆனால் ஒருவரை ஓர் இடத்துக்கு அனுப்புகிறீர்கள் என்றால், அவர் போய்ச் சேர்ந்தாரா, திரும்பினாரா என்று கேட்க வேண்டியவரும் நீங்கள்தான்.

கட்டுரை யாருக்குச் சொந்தம்?

'காசு கொடுத்தாச்சு, இனி என்னுது' என்று நினைக்கிறீர்களா? இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1957 அப்படிச் சொல்லவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்பவர் பத்திரிகைக்காக எழுதினால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை நிறுவனத்துக்கு. ஃப்ரீலான்ஸர் எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் எழுதியவர்தான். உரிமையை மாற்றிக் கொடுக்க, எழுதியவர் கையெழுத்துப் போட்ட எழுத்துபூர்வ ஆவணம் வேணும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து ஆண்டு என்று கணக்கு. எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

இதில் ஒரு பழைய பாடம். 'நியூயார்க் டைம்ஸ்' உள்ளிட்ட நிறுவனங்கள், ஃப்ரீலான்ஸர்களின் அச்சுக் கட்டுரைகளை அவர்களைக் கேட்காமலே கணினித் தரவுத்தளங்களில் சேர்த்தன. ஜொனாதன் டாசினி என்ற எழுத்தாளரும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் எழுத்தாளர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்குத் தரவுத்தளம். இன்றைக்கு அதே இடத்தில் ரீல்ஸ், பாட்காஸ்ட், ஓ.டி.டி. உரிமை, ஏ.ஐ. பயிற்சி எல்லாம் நிற்கின்றன. 'அனைத்து உரிமைகளும், நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்ற வரியில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு முறை படிங்க. நீங்கள் எடுப்பவராக இருந்தால், உங்களுக்கு நிஜமாகத் தேவையான உரிமையை மட்டும் கேளுங்க. உங்கள் பேஜில் போட ஒரு கட்டுரை வாங்கும்போது, அவருடைய எதிர்காலப் புத்தகத்தையும் சேர்த்து எதற்கு வாங்குகிறீர்கள்?

எழுத வருபவர்களே, உங்களுக்கும் நாலு வார்த்தை

மோசடி ஒரு பக்கம் மட்டும் இல்லை. 'சேம்பிளுக்கு மூணு கட்டுரை ஃப்ரீயா அனுப்புங்க' என்று வாங்கிவிட்டுக் காணாமல் போகிறவர்கள் உண்டு. 'ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ்', 'செக்யூரிட்டி டெபாசிட்' என்று கேட்பவர்கள் உண்டு. வேலை தருகிறேன் என்று சொல்பவர் உங்களிடம் பணம் கேட்டால், அது வேலையே இல்லை. ஏமாந்துவிட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்க.

இன்னொரு கோட்டையும் தெரிந்துகொள்ளுங்க. ஒரு கடையைப் பற்றி எழுத அந்தக் கடைக்காரரே உங்களுக்குக் காசு தந்தால் அது விளம்பரம். விளம்பரம் எழுதுவது தப்பில்லை, நல்ல தொழில்தான். ஆனால் அதை ஃபீச்சர் என்று ஓர் இதழுக்கு விற்காதீங்க. ஒருமுறை தெரிந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும்.

பழைய கட்டுரை எதுவும் கையில் இல்லையா? உங்கள் ஊரில் நடந்த ஒரு மாற்றத்தைப் பற்றி 400 வார்த்தை எழுதுங்க, மூன்று பேரிடம் நிஜமாகப் பேசி. தேதியும் ரெக்கார்டிங்கும் வைத்துக்கொள்ளுங்க. ஐடியா அனுப்பும்போது 'இவர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன், நீங்களும் பேசலாம்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்க. ஏ.ஐ. எவ்வளவு அழகாக எழுதினாலும் அந்த ஒரு வரியை நிரூபிக்க முடியாது. உங்களால் முடியும்.

எடுப்பவர்களுக்கும் அதே யோசனைதான். தெரியாத பெயரிலிருந்து மெயில் வந்தால் நேரடியாக 1,500 வார்த்தைக் கட்டுரைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம். நேராகக் குப்பைக்கும் தள்ள வேண்டாம். 300 வார்த்தையில் ஒரு சின்ன வேலை கொடுங்க. அதற்கும் காசு கொடுங்க. வந்ததும் அதில் இருக்கும் ஒருவருக்குப் போன் போடுங்க. அந்தப் பக்கம் யாராவது எடுத்து, 'ஆமா தம்பி, அந்தப் பொண்ணு ரெண்டு நாள் இங்கேதான் உக்காந்திருந்துச்சு' என்று சொன்னால், அடுத்த வாரமே அந்தப் பெண்ணுக்குப் பெரிய கட்டுரை கொடுங்க.